பெர்னிஸ் ஒரு நீச்சல் உடை தேடினாள்

கிள்ளான் வடக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குக் கப்பல்களுக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றின் மூன்றாவது மாடியில் பெர்னிஸ் வேலை பார்த்தாள். அவள் மேசையிலிருந்து தலையைத் திருப்பினால் கடல் தெரியும். கால் நனைக்கக்கூடிய கடல் என்று அதைச் சொல்ல முடியாது. சாம்பல் நிறத் தண்ணீர், அதன்மேல் எண்ணெய் மினுக்கம், வரிசையாக நிற்கும் கிரேன்கள், மலைபோல் அடுக்கிய கன்டெய்னர்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே கீழே போய் வாங்கி வந்த ரொட்டி சானாயைத் தின்றிருக்கிறாள். ஒரு நாளும் அதில் விரல் வைத்ததில்லை.

ஊரிலுள்ள அத்தனை பேருடைய கப்பலும் எப்போது வரும், எப்போது போகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கப்பல் மட்டும் கிள்ளானுக்கு வராது. அவள் கணவன் கென்னத், தானியமும் தாதுமண்ணும் ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றும் பெரிய சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஒரு தடவை ஏறினால் ஏழெட்டு மாதம் கடலில். பிறகு இரண்டு மூன்று மாதம் வீட்டில். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். பிள்ளைகள் இல்லை. அவன் வீட்டில் இருக்கும் மாதங்களில் பண்டமாரானில் இருந்த அவர்களுடைய மாடி வீடு கலகலவென்று இருக்கும். அவன் போனதும் பெர்னிஸ் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைப்பாள்.

கென்னத் ஊருக்கு வந்தால் ஏதாவது ஒரு தீவுக்குப் போயே ஆகவேண்டும். பெரும்பாலும் திரங்கானு பக்கம் உள்ள பெர்ஹெந்தியான். மலாயில் அந்தப் பெயருக்கு நிறுத்தம் என்று அர்த்தம். "எல்லா பஸ்ஸுக்கும் ஒரு ஸ்டாப் இருக்குலா பெர்னி. என் ஸ்டாப் இதுதான்," என்பான். முகமூடியை மாட்டிக்கொண்டு, வாயில் மூச்சு விடும் குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுத்தானென்றால் மத்தியானம்வரை எழுந்திருக்கமாட்டான். பெர்னிஸ் கரையில் மரநிழலில் உட்கார்ந்திருப்பாள். அவனுடைய செருப்பு, மூக்குக் கண்ணாடி, டவல், போன் எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல்.

தண்ணீரைக் கண்டு அவளுக்கு ஏதும் பழைய பயம் கிடையாது. யாரும் நீந்தக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் பாலத்தின் கீழே பழுப்பாக ஓடுவது. அதில் யாரும் இறங்கமாட்டார்கள். "முட்டி வரைக்கும் வா, போதும்," என்று கென்னத் கூப்பிடுவான். "மண்ணு ஒட்டும், நீ போ," என்று சிரித்து அனுப்பிவிடுவாள்.

கடைசியாகப் போயிருந்தபோது அவன் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து, மணலில் மண்டியிட்டு, "பெர்னி, அங்க கீழே என்னா தெரியுமா..." என்று ஆரம்பித்தான். கையை விரித்து ஏதோ அளவு காட்டினான். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டு, "விடு. நீ பார்த்தாத்தான் தெரியும்," என்று டவலை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருக்கலாம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குள் தங்கிவிட்டது. அவன் கப்பலேறிப் போன பிறகும், பாத்திரம் கழுவும்போதும், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் குரல் கேட்டது. இத்தனை வருடமாக அவன் தனியாகப் பார்த்து, தனியாகத் திரும்பி வந்து, சொல்லத் தெரியாமல் நிறுத்தியவை எத்தனை இருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த மாதமே ஷா ஆலாமில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே அங்கே போய்விடுவாள். கென்னத்திடம் சொல்லவில்லை. அவன் இறங்கி வரும்போது அக்டோபர். தீவுகள் மழைக்காலத்துக்கு மூடுவதற்கு முன்னால் ஒரு வாரம் கிடைக்கும். அவன் முகமூடியை மாட்டும்போது பக்கத்தில் தானும் மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவன் முகம் என்ன ஆகும் என்று பார்க்கவேண்டும். அறையைக்கூட முன்பதிவு செய்துவிட்டாள்.

வகுப்பு எடுத்தவள் மலர். சுங்கை பூலோவிலிருந்து வருகிற இளம்பெண்; குரல் மட்டும் குளத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும். முதல் நாள் பெர்னிஸ் டீ-சட்டையும் டிராக் பேன்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, பருத்தி தண்ணி குடிச்சா உங்களை விட வெயிட்டா ஆயிடும். இதோட எறங்குனா நான்தான் உங்களைத் தூக்கணும்," என்றாள் மலர்.

அன்று சாயங்காலம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கறுப்பு நீச்சல் உடை வாங்கினாள். இடுப்பைச் சுற்றிச் சின்னப் பாவாடை வைத்தது. அதை அணிந்துகொண்டு தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றாள், பிறகு மிதக்க, பிறகு கைகால் அடித்துச் செல்ல. மூக்கில் தண்ணீர் ஏறிக் கண்ணீர் வந்த நாட்கள் உண்டு. குளத்தின் குறுக்கே முதன்முதலாக நிற்காமல் போய்ச் சுவரைத் தொட்ட நாளில், வீட்டுக்கு வந்து பெரிய குளியல் டவலோடு சோபாவில் விழுந்து, கென்னத்துக்குப் போன் போட எடுத்து, போடாமல் வைத்துவிட்டாள்.

அவள் தேறிக்கொண்டு வரும்போதே உடை தோற்றுக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு மலர் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "அக்கா, பின்னாடி துணி மெலிஞ்சு போச்சு. டவலைச் சுத்திக்கிட்டு ஏறுங்க," என்றாள். வீட்டில் விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை மறுபக்கம் தெரிந்தது. எலாஸ்டிக் இழுத்தால் இழுத்தபடியே நின்றது. குளத்துத் தண்ணீரில் கலக்கும் மருந்து அதைத் தின்றுவிட்டது.

குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்தவள் கை அப்படியே நின்றது. அன்று காலைதான் கென்னத் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ விட்டுப்போன பெரிய மீன்வலை ஒன்று மிதந்து வந்ததாம். அதில் ஓர் ஆமை. கப்பலை நிறுத்த முடியாது. "மேலேருந்து பார்த்துக்கிட்டே போனோம் பெர்னி. ஒண்ணும் பண்ண முடியலே. இவ்வளவு தண்ணி மேலே இருக்கேன், ஒரு சொட்டு என் மேல படலே. பார்க்கிறதெல்லாம் குப்பை." இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தேய்ந்து கேட்டது.

இந்தக் கறுப்பு உடையும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். மக்காது. அடுத்ததும் இப்படியே சில மாதம் உழைத்துவிட்டுத் தொட்டிக்குப் போகும் என்றால், அதைப் போட்டுக்கொண்டு அவனுடைய கடலில் இறங்க அவளுக்கு மனம் வரவில்லை. மூடியைச் சாத்திவிட்டு, உடையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள்.

பிறகு தேட ஆரம்பித்தாள். போனைத் திறந்தால் எல்லாக் கடையும் கடலைக் காப்பாற்றுகிறோம் என்றது. பழைய மீன்வலைகளை உருக்கி நூலாக்கி நெய்த துணி என்று போட்டிருந்த ஒன்றை வரவழைத்தாள். ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. வெங்காயம் உரிப்பதுபோல் உரித்து எடுத்தால், உள்ளே அழகான பச்சைத் துணி, தோளில் முடிச்சுப் போடும் இரண்டு கயிறு. குளத்தில் நான்கு தடவை கை வீசியதும் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நீந்திக் கரை சேர்ந்தாள்.

மலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது மணல்ல உட்கார்ந்து போட்டோ எடுக்கிறதுக்குக்கா. நீங்க எங்க ஜோசஃபின் ஆன்டியைப் போய்ப் பாருங்க. எனக்கு அவங்கதான் தைக்கிறாங்க," என்றாள்.

ஜோசஃபின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் விளையாட்டு உடைகள் தைத்தாள். பெர்னிஸ் சின்ன வயதில் ஓடித் திரிந்த தெருக்களுக்கு இரண்டு சந்து தள்ளித்தான். அறுபதை நெருங்கிய, பருத்த, சுறுசுறுப்பான பெண். கழுத்தில் அளவு நாடாவும் ஜெபமாலையும் ஒன்றாகத் தொங்கின.

"குளத்துக்கா, கடலுக்கா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"கடலுக்கு ஆன்டி. பெர்ஹெந்தியான். ஹஸ்பண்ட் கூட."

"கடல்ல என்ன பண்ணப் போறே? சும்மா நனையவா, நீந்தவா?"

"நீந்த. நாள் பூரா. அவரு காலையிலே எறங்குனா மத்தியானம்தான் ஏறுவாரு."

ஜோசஃபின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப முழுக்கை. முதுகு மூடியிருக்கணும். குப்புறப் படுத்துக் கிடக்கிறவங்களுக்கு முதுகுதான் வேகும். வெயிலுக்குக் கிரீமைப் பூசிப் பூசிப் பவளத்து மேல கரைக்கிறதுக்குப் பதிலா துணி போட்டு மூடிக்கிட்டா முடிஞ்சது. கீழே தொடைவரை ஷார்ட்ஸ். முன்னாடி ஜிப். கயிறு கியிறு ஒண்ணும் வேணாம்."

அவள் எடுத்துப் போட்ட துணியும் வலை நூல் என்றுதான் சொல்லப்பட்டது. தெலுக் பங்லிமா காராங்கில் ஏற்றுமதிக்குத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மிஞ்சிய உருளைகளை வாங்கி வைத்திருந்தாள். பெர்னிஸ் தயங்கி, "நெசமாவே வலையிலேருந்து பண்ணதா ஆன்டி?" என்று கேட்டாள்.

"ஃபேக்டரிக்காரன் அப்படித்தான் சொல்றான். நான் கண்ணால பார்க்கலே, பொய் சொல்லமாட்டேன். மலருக்கு இதே துணியிலே தைச்சுக் குடுத்தேன், மூணாவது வருஷம் ஓடுது, இன்னும் தளரலே. தையல் விட்டா எடுத்துக்கிட்டு வா, போட்டுத் தரேன். நல்ல தண்ணியிலே அலசு, முறுக்காதே, மெஷின்ல போடாதே, நெழல்ல காயப்போடு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

இத்தனை நாள் போனில் படித்த எல்லாவற்றையும்விட அந்த 'எனக்குத் தெரிஞ்சது' பெர்னிஸுக்குப் பிடித்திருந்தது. கறுப்பு உருளையைத் தொட்டுக் காட்டினாள்.

"கறுப்பா? கடல்ல கறுப்பு போட்டா போட் ஓட்டுறவன் கண்ணுக்கு நீ தெரியமாட்டே. தூரத்திலேருந்து தெரியணும் மா." ஜோசஃபின் நல்ல ஆரஞ்சு நிறத் துணியை இழுத்து அவள் தோளில் போட்டாள். அந்தி வெயில் போலப் பளீரென்று இருந்தது.

தைத்து முடிந்ததும் திரைக்குப் பின்னால் அணிந்து பார்த்தாள். கண்ணாடியில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். வயிறு கொஞ்சம் முன்னால், தோள் முன்பைவிட அகலம். அந்தத் தோளை கென்னத் இன்னும் பார்க்கவில்லை. கையை மேலே தூக்கி, வீசி, குனிந்து, உட்கார்ந்து பார்த்தாள். எங்கேயும் இழுக்கவில்லை, ஏறவில்லை. தோளின் மேல் தன் கையையே வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். வெளியே ஜோசஃபின் தையல் மெஷினை மிதிக்காமல் காத்திருந்தாள்.

அக்டோபர் தொடக்கத்தில் கென்னத் கூப்பிட்டான். 'ஹலோ' சொன்ன விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் எடத்துக்கு வரவேண்டிய ஆளுக்கு உடம்பு முடியலையாம் பெர்னி. வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் இருக்கச் சொல்றாங்க. ஜனவரி ஆயிடும் போல."

"ஜனவரியிலே தீவெல்லாம் மூடியிருக்கும் கென்."

"ம்ம். தெரியும்." இயந்திர இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "நீ ஒண்ணும் புக் பண்ணலேதானே?"

"இல்லே," என்றாள்.

உடையை உறையோடு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மலர் போனில் பிடித்தாள்.

"அக்கா, ரூம் இருக்கு, டிக்கெட் இருக்கு, சூட் இருக்கு. அண்ணேதான் இல்லே. நான் வரேன்லா."

பெர்னிஸ் முடியாது என்றாள். அவனுக்கென்று எடுத்து வைத்த சோற்றை அவன் வருவதற்குள் தின்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனால் அலுவலக ஜன்னலில் மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்த ஒரு மத்தியானம், இந்த வருடம் தவறினால் இன்னும் எத்தனை வருடம் கரையிலேயே உட்கார்ந்திருப்போம் என்று தோன்றியது. அன்றே மலரைக் கூப்பிட்டு, "போவோம்," என்றாள்.

கோத்தா பாருவரை விமானம், அங்கிருந்து டாக்சி, பிறகு படகு. பழைய கரை, பழைய மரம், அவள் உட்காரும் அதே நிழல். ஆரஞ்சு உடையில், முகமூடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் மணலில் நின்றபோது, செருப்பைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் திகைத்தாள். காவலுக்கு ஆளில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. மலர், "மூச்சை மெதுவா விடுங்கக்கா," என்றாள். பெர்னிஸ் முகத்தைக் கவிழ்த்தாள்.

கால்கள் தரையை விட்டன. குளத்தில் இல்லாத ஒரு தாங்கல் கடலில் இருந்தது. உப்புத்தண்ணீர் அவளை அடியிலிருந்து ஏந்திக்கொண்டது. கைகளை வீசினாள். துணி தோலோடு தோலாக வந்தது, அதைப் பற்றி நினைக்கவேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மணல் முடிந்து பவளப்பாறைகள் ஆரம்பித்தன. நீலமும் பச்சையும் ரோஜா நிறமுமாகப் பருத்த மீன்கள், ஆடு மேய்வதுபோல் பாறையை மேய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. நறுக், நறுக், நறுக். யாரோ காதுக்குள் முறுக்கு கடிப்பதுபோல். என்னவென்று பார்த்தால் அந்த மீன்கள்தான். பாறையைக் கடித்துத் தின்கிற சத்தம் கடல் முழுக்கக் கேட்டது.

அவள் சட்டென்று இடதுபக்கம் கையை நீட்டினாள். பக்கத்திலிருப்பவனின் தோளைத் தட்டி, கேட்குதா என்று காட்டுவதற்கு. கை வெறும் தண்ணீரைத் துழாவியது. மலர் எங்கோ முன்னால் போய்விட்டிருந்தாள்.

இத்தனை வருடமும் அவன் கை இப்படித்தான் நீண்டிருக்கும், இப்படித்தான் வெறும் தண்ணீரில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. முகமூடிக்குள் கண் நிறைந்து, கண்ணாடி மங்கி, மீனெல்லாம் கலங்கிப் போயின. தண்ணீருக்குள் அழ முடியும் என்று மலர் கற்றுக்கொடுக்கவில்லை. தலையைத் தூக்கி, கண்ணாடியைத் தண்ணீரில் அலசி மாட்டிக்கொண்டு, மறுபடி கவிழ்ந்தாள். மத்தியானம்வரை ஏறவில்லை.

மறுநாள் காலை படகுத்துறையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. கென்னத்தின் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தை நெருங்கியிருந்தது.

"எங்கே இருக்கே? காத்துச் சத்தம் கேக்குது."

அவள் மூன்று விதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "கென், அந்த மீனு பாறையைக் கடிக்கிற சத்தம். நீ ஏன் எங்கிட்ட சொல்லவே இல்லே?"

அந்தப் பக்கம் இரும்புக் கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது. இயந்திர இரைச்சல் அடங்கியது.

"நீ எறங்குனியா?" என்றான். குரல் உடைந்திருந்தது.

"எறங்குனேன். நீந்துனேன். உனக்குத் தெரியாம கத்துக்கிட்டேன். நீ வர்றப்ப பக்கத்துலே நிக்கணும்னு..."

"எதுவரைக்கும் போனே?"

"பாறை முடிஞ்சு தண்ணி கருநீலமா ஆகுதே, அதுவரைக்கும்."

"அங்கயா! அங்க பயமா இருந்திருக்குமே."

"இருந்துச்சு."

"எனக்கும் இருக்கும்," என்றான் கென்னத். "சொல்லு பெர்னி. இன்னும் சொல்லு. நான் தண்ணியைத் தொட்டு ஏழு மாசம் ஆச்சு."

அவள் சொன்னாள். படகோட்டி இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும்வரை, மீன்களின் நிறம், மணலில் ஆடிய ஒளி, பாறைக்கடியில் சுருண்டு கிடந்த ஏதோ ஒன்று என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவன் 'ம்ம், ம்ம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஜனவரியில் அவன் வந்தான். கிழக்குக் கரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தீவுகளுக்குப் படகு இல்லை. ஒரு சனிக்கிழமை மேற்குக் கரையில் இருக்கும் போர்ட் டிக்சனுக்குப் போனார்கள். கலங்கிய தண்ணீர், அடியில் ஒன்றும் தெரியாது, முகமூடிக்கே வேலையில்லை. கென்னத் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, அவள் வரும்வரை காலை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் வந்ததும் மறுபடி சேர்ந்து நீந்தினார்கள். யாரோடும் சேர்ந்து நீந்தி அவனுக்குப் பழக்கமில்லை. அடிக்கடி முந்திவிட்டு, அடிக்கடி நின்றான். கரையில் அவர்களுடைய செருப்பு இரண்டு ஜோடியும் தூறலில் நனைந்துகொண்டிருந்தன.

அவன் விடுப்பு முடிவதற்குள் தீவுகள் திறந்துவிடும் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். கம்பெனி கொஞ்சம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டது. மார்ச்சில் பெர்ஹெந்தியானுக்கு முதல் படகுகள் ஓட ஆரம்பித்த வாரம், பெர்னிஸ் அலுவலகத்தில் போனைத் திறந்து, கப்பல்கள் இருக்குமிடம் காட்டும் படத்தைப் பார்த்தாள். அவன் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் அவள்தான் இறங்கி, பார்த்ததை அவனுக்குச் சொல்லவேண்டும்.